முடியாது என்று சொன்னவர்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் கைப்பழக்கம் பாதிதான். உள்ளே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் மீதி. அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சி விமான நிலையத்தில் இயங்கிய ஒரு சிறு பயிற்சி நிலையத்தில் நான் பயிற்றுநராக இருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். வெயில் ஏறுவதற்குள் பாடத்தை முடிக்க வேண்டுமென்று விடியும்போதே ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டிவிடுவேன்.

அங்கே பயில வந்தவர்களில் ஒரே பெண், பாலக்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த கணித ஆசிரியை. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு ஏறுவார். கணக்கில் புலி, கை நிதானமான கை. ஒரே குறை, மரியாதை.

ஒருநாள் என் பக்கத்துக் கதவின் கொண்டியை வேண்டுமென்றே போடாமல் விட்டேன். விமானம் மெல்ல ஊர்ந்து ஓடுபாதையின் விளிம்பு வரை போய்விட்டது. அவர் கண் இரண்டு முறை அந்தக் கொண்டியின் மேல் போனதைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. நிறுத்தச் சொன்னேன்.

“கதவைப் பாத்தீங்கதானே? ஏன் சொல்லலை?”

“நீங்க பாக்காமலா இருப்பீங்கன்னு நெனச்சேன் சார்.”

“இங்க யாரும் சார் இல்லைங்க. தப்புன்னு பட்டா அந்த நிமிஷமே சொல்லணும். நான் கோவிச்சுக்கிட்டாலும் சொல்லணும்.”

தலையாட்டினார். பழக்கம் வரச் சில மாதங்கள் பிடித்தன. பிறகு ஒரு காலை, இறங்கும் விதத்தை நான் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று குரல் வந்தது. “சார், காத்து மாறிடுச்சு. கம்பத்துல காத்துத் திசை காட்டுற அந்தத் துணிப்பையைப் பாருங்க. இறங்க வேண்டாம், சுத்திட்டு அந்தப் பக்கமா வருவோம்.” நிஜமாகவே நான் கவனிக்கவில்லை. காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும்; அதுவோ முதுகுப்புறமிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. உடனே மேலே ஏற்றினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் சொந்த உரிமம் கைக்கு வந்த நாளில்கூட இருந்ததில்லை. இவரைத் துணைப் பயிற்றுநராக்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்தேன். உரிமமும் வாங்கினார். தனியாக இன்னும் கொஞ்சம் பறந்து தேறினால் போதும்.

அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு வெளியூர்த் தொழிலதிபர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நிலையத்துக்குப் புது விமானம் ஒன்று வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அவரை ஏற்றிப்போய் ஸ்ரீரங்கத்தின் மொட்டைக் கோபுரத்தையும் இரண்டு ஆறுகளையும் ஒரு சுற்று காட்டிவிட்டு வருவது எங்கள் பெண் விமானியின் வேலை. பந்தல், மாலை, ஒலிபெருக்கி எல்லாம் தயார். விருந்தாளி ஏறி உட்கார்ந்தார். விமானம் ஓடுபாதை வரை போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு திரும்பிப் பந்தலை நோக்கி வந்தது.

விமானி இறங்கி, நிலையத்தின் செயலாளரிடம் நேராகச் சொன்னார். “இடது மேக்னெட்டோவுல சுத்து ரொம்ப விழுதுங்க. போக முடியாது.”

எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ இரண்டு உண்டு. கிளம்புமுன் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம். எஞ்சினின் வேகம் அளவுக்கு மேல் குறைந்தால் பறக்கக் கூடாது என்பது முதல் வாரத்துப் பாடம்.

“ஊருக்கு மேல ஒரே ஒரு சுத்துதானேம்மா? எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றார் செயலாளர். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓட்டுறவங்க முடியாதுன்னா முடியாதுங்க” என்றேன்.

மெக்கானிக் ஏறி எஞ்சினை முடுக்கிப் பார்த்தார். இப்போது ஒரு குறையும் தெரியவில்லை. தீப்பொறி விழும் பிளக்கில் எண்ணெய் படிந்திருக்கும், தானாக எரிந்து போயிருக்கும் என்றார். செயலாளர் மறுபடி கேட்டார். “கழட்டிப் பாக்காம நான் யாரையும் ஏத்திக்கிட்டுப் போகமாட்டேன்” என்றார் அவர். குரல் நடுங்கியது. ஆனாலும் நகரவில்லை. விருந்தாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். புது விமானம் வரவேயில்லை.

கழற்றிப் பார்த்ததில் பிளக்கும் சுத்தமாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு எதிராகப் போயிற்று. பழுது இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்கள். நிலையத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் “பயந்த சுபாவம், பொம்பளைதானே” என்று பேசினார்கள். பயந்திருந்தால் அவ்வளவு பெரிய மனிதர்களை எதிர்த்து நின்றிருக்கமாட்டார் என்று நான் கத்தினேன். எடுபடவில்லை. அவருக்குரிய பறக்கும் நேரம் ஒவ்வொன்றாக மற்றவர்களுக்குப் போயிற்று. வந்து காத்திருந்து, வெயில் ஏறியதும் திரும்பிப் போவார். ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகும் கொண்டியைப் போடாமல் விட்டுச் சோதிக்கும் அதே பாடத்தைத்தான் நடத்தினேன். மாணவர்கள் கதவையும் எரிபொருளையும் உரக்கச் சொல்லிச் சரிபார்த்தார்கள். ஆனால் ஏதாவது சந்தேகம் வந்தால் அவர்கள் கண் முதலில் செயலாளர் அறைப் பக்கம் போகும். நான் சொன்னதை அல்ல, நடந்ததைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதை மாற்ற என்னால் கடைசிவரை முடியவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்துக் காந்தி மார்க்கெட் வாசலில் அவரைப் பார்த்தேன். கல்யாணமாகி எடமலைப்பட்டி புதூரில் இருப்பதாகச் சொன்னார். காய்கறிப் பை கனத்தது, கை மாற்றிக்கொண்டார்.

“ஒருநாள் அந்தப் பக்கம் வாங்களேன். பழைய ஆளுங்க யாரும் இப்ப குழுவுல இல்லை” என்றேன்.

“உரிமம் எப்பவோ காலாவதி ஆயிடுச்சு சார்” என்றார். சிரிக்கத்தான் செய்தார். “விமானம் எங்க வீட்டுக்கு மேலதான் போகும். புள்ளைங்க பாக்க மாடிக்கு ஓடுதுங்க. நான் போறதில்லை.”

பஸ் வந்தது. “போயிட்டு வரேன் சார்” என்று கூட்டத்தோடு ஏறிக்கொண்டார்.