வெள்ளிக்கிழமை மட்டும் ஓடிய மெஷின்

இலங்கை மலையகத்தில், அட்டனில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவின் வாசலில் ஒரு நாள் புதுப் பலகை ஏறியது. 'உங்கள் வீட்டு விசேஷம் இனி உலகமெல்லாம்' என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் ஒரு பூமி உருண்டை வரைந்திருந்தார்கள். அந்த உருண்டையில் இலங்கை இருக்க வேண்டிய இடத்தில்தான் ஆணி அடித்திருந்தார்கள். முதலாளி வீதியின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துப் பார்த்துப் பூரித்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன். அவர் கையால் சம்பளம் வாங்குகிறவள் வேறு என்ன செய்ய முடியும்?

இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு முடியப்போகிற காலம் அது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, வேறு எதுவும் அமையாமல், அங்கே கம்ப்யூட்டரில் ஆல்பம் செய்யும் வேலையில் இருந்தேன். கல்யாண ஜோடியை இதய வடிவத்துக்குள் அடைப்பது, மாப்பிள்ளையின் தலைக்கு மேல் புறா விடுவது, இவைதான் என் கலைப்பணி. என்ன கண்றாவியைச் செய்து கொடுத்தாலும் 'சோக்கா இருக்கு' என்று வாங்கிப் போனார்கள்.

முதலாளி ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும், அப்பா கொழுந்து நிறுத்த தராசு அவர் மண்டைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. தோட்டத்தில் ஒருநாள் கூலியைப் 'பேர்' என்பார்கள். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய் நின்று வேலை செய்தால் பேர் விழும். போகாவிட்டால் இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காய்ச்சல் என்று நான் லீவு கேட்டால் அவர் சொல்கிற ஒரே பதில், "வராட்டி வராத புள்ள. பேரு விழாது, அவ்வளவுதான்." அந்த ஒரு சட்டத்தை வைத்து உலகத்தையே ஓட்டிவிடலாம் என்று நினைத்த மனிதர்.

அவருடைய அக்கா மகன் கொழும்பில் கம்ப்யூட்டர் படித்தவன். தலைக்கு ஜெல், இடுப்பில் இரண்டு போன். அவன் கொண்டுவந்த யோசனைதான் அந்தப் பலகை. அப்போது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் பல வீட்டில் அம்மாமார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலைக்குப் போயிருந்தார்கள். மகள் பெரியபிள்ளையானால் சடங்கு நடக்கும், அம்மா இருக்கமாட்டாள். அந்த அம்மாமாருக்கு இன்டர்நெட்டில் ஆல்பம் காட்டலாம் என்றான்.

"மெஷின் ஒண்ணும் வாங்கத் தேவையில்ல மாமா. வெளிநாட்டுக் கம்பனிங்க வாடகைக்குத் தர்றாங்க. மணிக்கணக்குல காசு. படத்த அதுல ஏத்திட்டா, குவைத்துல இருக்கவங்க குவைத்துலயே பாத்துக்குவாங்க."

முதலாளிக்கு இது பிடித்தது. பிடிக்காதது விலைப்பட்டியலில் இருந்தது. அந்தக் கம்பனி மெஷினோடு விண்டோஸ் மாதிரியான மென்பொருளையும் தயாராகப் போட்டே தருகிறது. அதில் இரண்டு வகை. ஒன்று யாரும் காசு கேட்காத இலவச ரகம். மற்றது லைசென்ஸ் உள்ள விண்டோஸ். அந்த லைசென்சுக்கான பங்கும் மணி வாடகையோடு சேர்ந்து ஏறும். அக்கா மகன் எழுதிய ஆல்பம் புரோகிராம் விண்டோஸில் மட்டுந்தான் ஓடும். இலவசத்தில் ஓடுகிற மாதிரி எழுத அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. "அது ஸ்டாண்டர்ட் இல்ல மாமா" என்றான்.

"விண்டோஸுக்குக் காசா?" என்று முதலாளி கேட்ட கேள்வியில் நியாயமான அதிர்ச்சி இருந்தது. எங்கள் ஊரில் விண்டோஸ் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் திருட்டுச் சீடியாகக் கிடந்தது. ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் தின்கிற காசு. நான் அந்தப் பக்கம் போனாலே கடைக்காரன் சிங்களத்தில், "நங்கி, அலுத் எக்கக் ஆவா" என்பான். தங்கச்சி, புதுசு ஒன்று வந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைரஸ் விழுந்து படுக்கும். மறுபடி வடைக் காசு கொடுத்து எழுப்புவோம்.

"நம்ம சீடியையே பார்சல்ல அனுப்பிவிட்டா என்னா? அவனுங்க போட்டுக்கட்டும்" என்றார் முதலாளி. நிஜமாகவே சொன்னார். உறைகூட எடுத்துவிட்டார்.

சிரித்தேனே தவிர, எனக்கும் அந்தக் கணக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. காசு கொடுத்து வாங்கியும் சொந்தமாகாத சாமான் அது. காலையில் கொடுத்த காசு காலையோடு போய்விடும். மாலையில் அதே விண்டோஸுக்கு மறுபடி கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடினாலும் ஒரு மணிக் காசு. எங்கள் ஊர்க் கங்காணி அரைப்பேர் போட்டால் சண்டைக்குப் போகிறோம். அங்கே எதற்கும் முழுப்பேர்தான்.

கடைசியில் முதலாளி ஒரு வழி கண்டார். அரபு நாட்டில் வெள்ளிக்கிழமைதானே விடுமுறை? வெள்ளிக்கிழமை மட்டும் மெஷினை ஓடவிடுவோம். மற்ற நாள் நிறுத்திவைப்போம். வேலைக்கு வராத மெஷினுக்குப் பேர் எதற்கு? அக்கா மகன் தலையை ஆட்டினான். எனக்கு இரண்டு பட்டன் காட்டிக்கொடுத்தார்கள். வெள்ளி காலையில் கடை திறந்ததும் ஒன்றை அமுக்குவேன், ஷட்டர் இழுக்குமுன் மற்றதை. அந்தப் பெரிய கம்பனியையே ஏமாற்றிவிட்டதாக முதலாளி நடையில் ஒரு மிடுக்கு வந்தது.

இன்னொரு சந்தோஷமும் அவருக்கு இருந்தது. படம் ஏற்றுவதற்குக் காசே இல்லை. இறக்கினால்தான் காசு. உள்ளே போக கேட் திறந்து கிடக்கிறது, வெளியே வரத்தான் டிக்கட் என்றால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரவேண்டாமா? அவருக்கு வரவில்லை. "எல்லாத்தையும் ஏத்திட்டு இங்க அழிச்சிடு புள்ள. நம்ம டிஸ்க்கு நெறைஞ்சு மூச்சு முட்டுது" என்றார். அப்படியே செய்தோம்.

அப்போதுதான் டயகம பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். மகளின் சடங்கு. மனைவி குவைத்தில். அச்சு ஆல்பம் எவ்வளவு என்று கேட்டார், இன்டர்நெட் ஆல்பம் எவ்வளவு என்று கேட்டார். பின்னது மலிவு. சற்று நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, "நாங்க நேர்ல பாத்துக்கிறோம். அவ பாக்கணும், அது போதுங்க" என்றார். படம் பிடித்தோம், ஏற்றினோம், இங்கே அழித்தோம்.

சில வாரம் கழித்து அந்த அம்மாவே ஸ்டூடியோவுக்குப் போன் செய்தார். குசுகுசுவென்று பேசினார். பின்னால் ஒரு குழந்தை அரபியில் அழுதது.

"தங்கச்சி, இந்த வெள்ளிக்கிழம மேடம் அவுங்க மக வீட்டுக்குப் போறாங்க. டிரைவரு என்னய இன்டர்நெட் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்காரு. வந்து ஒன்ற வருசத்துல இப்பத்தான் வெளிய போறேன். எம் புள்ளையப் பாக்கலாந்தானே?"

"வெள்ளிக்கிழம பூரா இருக்கும்க்கா. நல்லாப் பாருங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் கலண்டரில் சிவப்பைப் பார்த்தேன். அந்த வெள்ளி போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு.

முதலாளியிடம் போய், ஒரு நிமிடம் ஷட்டரைத் திறந்து பட்டனை அமுக்கிவிட்டு வந்துவிடுகிறேன், சாவியைத் தாருங்கள் என்று கேட்டேன்.

"போயா அன்னைக்கு கடையத் தொறந்தா ஊர்ல என்னா சொல்லுவாங்க? அடுத்த வெள்ளி பாக்கச் சொல்லு."

"அவங்களுக்கு அடுத்த வெள்ளி இல்லீங்க முதலாளி."

"அப்ப வியாழக்கிழமயே அமுக்கிட்டுப் போறேன்னு சொல்றியா? ராவெல்லாம் ஓடுறதுக்கு ஒங்கப்பனா காசு கட்டுவான்?"

நான் திருப்பிக் கூப்பிட முடியாது. அது மேடத்தின் வீட்டுப் போன். அக்கா மகனின் இரண்டு போனுக்கும் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. போயாவன்று பஸ் ஏறி வந்து பார்த்தேன், வேறு ஏதாவது இன்டர்நெட் கடை திறந்திருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. எங்கள் கடையின் ஷட்டர் முன்னால் ஒரு நாய் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. குவைத்தில் அந்த அம்மா ஒரு மணி நேரம் வெற்றுத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு அவர் புருஷன் வந்து சொன்னார். "பரவால்லீங்க, ஊருக்கு வந்து பாத்துக்குறேன்னு சொல்லிட்டா" என்றார். எங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குள் பில் வர ஆரம்பித்தது. அக்கா மகனின் கார்டில் கழிந்துவிடும். முதலாளி அவனுக்குக் கொடுக்க வேண்டும். பில்லைப் பார்த்த முதலாளி துள்ளினார்.

"மாசத்துல நாலு நாளுதானே வேலைக்கு வந்துச்சு? முப்பது நாளைக்கும் எதுக்கு வெட்டியிருக்கான்?"

அக்கா மகன் போனில் விளக்கினான். நிறுத்தினால் மெஷின் வாடகையும் விண்டோஸ் காசும்தான் நிற்கும். படம் இருக்கிற டிஸ்க் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இடம் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அதற்கு நாள் தவறாமல் வாடகை. அதிலும், நிரம்பிய அளவுக்கு இல்லை, கேட்டுவைத்த அளவுக்கு. அந்தப் புத்திசாலி 'பின்னாடி உதவும்' என்று இருப்பதிலேயே பெரிய டிஸ்க்கைக் கேட்டுவைத்திருந்தான். மூலையில் ஒரு பெட்டி வைக்க ஒரு ஸ்டோரையே வாடகைக்கு எடுத்த கதை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க மெஷினப் பத்தித்தானே கேட்டீங்க மாமா" என்கிறான்.

முதலாளி அதை ஏற்கவே இல்லை. வேலை இல்லாவிட்டால் பேர் இல்லை, அவ்வளவுதான். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. தோட்டத்தில் பிறந்த மனிதருக்குப் பேர் மட்டும் ஞாபகம் இருக்கிறது, கழிவு மறந்துவிட்டது. எங்கள் அம்மாவின் சம்பளத் துண்டில் சலவைக்காரருக்கு, கோயிலுக்கு, சங்கத்துக்கு என்று மாதாமாதம் வெட்டினார்கள். மழையில் வேலை இல்லாத மாதமும் வெட்டினார்கள். சலவைக்காரர் எங்கள் தோட்டத்தை விட்டுப் போன பிறகும் கொஞ்ச காலம் வெட்டினார்கள். துண்டைக் கையில் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் அது தெரியும். துண்டு எழுதிய வீட்டுக்குத்தான் தெரியவில்லை.

மனிதர் கொள்கைக்காக நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக! என் சம்பளத்தை மூன்று வருடம் ஒரு ரூபாய் ஏற்றாதவர், அந்தச் சில்லறைக் காசுக்கு அக்கா மகனோடு பேச்சை நிறுத்தினார். அவன் தன் கார்டைக் கழற்றிக்கொண்டான். கம்பனியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதங்கள் வந்தன. முதலாவது மரியாதையாக இருந்தது, இரண்டாவது அதைவிட மரியாதையாக. "எவனாவது நல்லபடியா பேசுறான்னா பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார் முதலாளி. மூன்றாவது கடிதத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொல்லி, எங்களோடு இருந்ததற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எங்கள் தோட்டத்துப் பழைய துரைமார் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

பலகையை முதலாளி கழற்றவில்லை. ஆணி நல்ல ஆணி என்றார்.

குவைத்திலிருந்து அந்த அம்மா ஊருக்கு வந்த அடுத்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். எனக்கென்று ஒரு சாக்லெட் பெட்டி கொண்டுவந்திருந்தார். மகள் அவரைவிட உயர்ந்திருந்தாள். இருவரும் இன்னும் பழகவில்லை என்று நிற்கிற விதத்திலேயே தெரிந்தது.

"தங்கச்சி, போட்டு விடுங்க. யாரு மொதத் தண்ணி ஊத்துனா, யாரு எடத்துல யாரு நின்னா எல்லாம் சொன்னாங்க. நான் பாக்கல்ல."

நான் முதலாளியைக் கூப்பிட்டேன். முதலாளி வந்து, கம்பனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஆரம்பித்து, வெள்ளைக்காரனைத் திட்டி, அக்கா மகனைத் திட்டி, எல்லாம் போய்விட்டது என்பதை நடுவில் ஒரு இடத்தில் சொல்லி முடித்தார். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மகள்தான் அம்மாவின் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

"கவலப்படாதீங்கம்மா" என்றார் முதலாளி. "புள்ளைக்கு இன்னொருக்கா சோடிச்சு எடுத்துருவோம். பாதிக் காசு போதும். சாரி, மாலை, குடம் எல்லாம் நம்மகிட்ட இருக்கு."

பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு ஸ்டூடியோவின் ஜரிகைச் சாரியைச் சுற்றினார்கள். தலையில் காகிதப் பூ. கையில் காலிக் குடம். அவள் முகத்தில் அவமானம் எழுதி ஒட்டியிருந்தது. முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அம்மாவும் பக்கத்துல வாங்க. அப்பத்தான் நெறைஞ்சு இருக்கும்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக நிறுத்தி, ஒரு படம் எடுத்து, என் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்.

அந்த அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் நிக்கிறேனுங்களே."

"நல்லாத்தாம்மா விழுந்திருக்கீங்க."

"அன்னைக்கு நான் இல்லீங்களே ஐயா. நான் இல்லாத அன்னைக்கு எம் புள்ள மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னுதான் எனக்குப் பாக்கணும்."

முதலாளி, பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி என் பக்கம் திரும்பி, "புள்ள, இதுல அம்மாவ மட்டும் அழிச்சிக் குடு" என்றார்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மா மகளிடம் போய், தலையிலிருந்த காகிதப் பூக்களைப் பிடுங்கி மேசையில் வைத்தார். சாரியின் ஊசியைக் கழற்றினார். பிறகு முதலாளியைப் பார்த்து, உண்மையாகவே விலை விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"என்னய அழிக்க எவ்வளவு ஐயா கேப்பீங்க?"