எல்லாருக்கும் கை காட்டிய சுகிர்தராணி

சுகிர்தராணி மஸ்கட்டில், ரூவியில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். அவள் கார் வாங்கப்போகிறாள் என்று தெரிந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் சின்னதாக, வெள்ளையாக, பெட்ரோல் கம்மியாகக் குடிக்கிற ஒன்றைத்தான் எதிர்பார்த்தார்கள். அவள் ஓட்டிக்கொண்டு வந்தது சிவப்பாக, இரண்டே சீட்டும் மடக்குகிற துணிக்கூரையும் உள்ள பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். வேலையை முடித்துக்கொண்டு நாடு திரும்பிய ஒரு டாக்டர் விற்றுவிட்டுப் போனது.

“பின்னாடி யாரு உக்காருவா?” என்று சக நர்ஸ் சங்கீதா கேட்டாள்.

“யாரும் உக்கார வேண்டாம்னுதான்” என்றாள் சுகிர்தராணி.

உண்மையும் அதுதான். கணவர் ஜெயசீலன் பாலைவனத்துக்குள் எண்ணெய்க் கிணற்றில் டெக்னீசியன். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில். மகன் கோயம்புத்தூரில் காலேஜ். முட்டத்துக் கடற்கரையிலிருந்து மஸ்கட் வந்த நாளிலிருந்து அவள் பஸ்ஸுக்கும் மருத்துவமனை வேனுக்கும் காத்து நின்றே காலத்தைக் கழித்தவள். இனிமேல் வாங்குவது தனக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று நினைத்தாள். போனில் செய்தி கேட்ட ஜெயசீலன், தன் முழங்கால் அதற்குள் அடங்குமா என்று மட்டும் கேட்டார்.

வீடு மலைக்கு அந்தப் பக்கம், அமராத்தில். தினமும் பாறையை வெட்டிப் போட்ட மலைப்பாதையில் ஏறி இறங்கித்தான் ரூவிக்கு வர வேண்டும். வண்டியோ தரையோடு தரையாகக் கிடக்கும். ஒரு நாள் காலை, சுள்ளென்ற வெயிலில், பக்கத்துத் தடத்தில் போன பிக்கப் ஒன்று அப்படியே அவள் மேல் சாய்ந்து வந்தது. ஹாரனை அமுக்கிப் பிரேக் போட்டுத் தப்பினாள். கீழே ரவுண்டானாவில் அந்த ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, நெஞ்சில் கை வைத்து, “மாஃபி ஷூஃப் சிஸ்டர், மாஃபி ஷூஃப்” என்றார். பார்க்கவே இல்லை என்கிறார். அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பாறை நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவே இந்த வண்டி யார் கண்ணுக்குத்தான் தெரியும்?

அன்றைக்கே முடிவு செய்தாள். பகலிலும் எரிகிற எல்.இ.டி. விளக்கு இரண்டு முன்னால் வேண்டும். ஹெட்லைட்டும் மஞ்சள் பூத்து மங்கிப்போயிருந்தது. அதற்கும் நல்ல எல்.இ.டி. பல்பு வேண்டும். போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தாள். கவுண்டரில் இருந்த பெண், வெள்ளை என்றால் சரி, நீலம் வேண்டாம் என்றாள். வாதி கபீரில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சாதிக் பாட்ஷாவிடம் இரண்டையும் வாங்கினாள். தானே பொருத்தித் தருவதாக அவர் சொன்னார். பம்பரில் துளை போட வேண்டும் என்று அவர் சொன்னதும் சுகிர்தராணிக்கு மனம் ஒப்பவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த லீவு நாளில், வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்தாள். ஒயர்களைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. எந்தக் குழாய் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை. முன் சக்கரத்தை முழுதாகத் திருப்பி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினாள். பம்பருக்குக் கீழே ஏற்கெனவே இருந்த இடுக்கில் பகல்விளக்குகள் கச்சிதமாக உட்கார்ந்தன. துளையே தேவைப்படவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஒயரின் நுனியை, நீளமான ஃபோர்செப்ஸால் கவ்வி வெளியே இழுத்தாள். எஞ்சின் ஓடினால் மட்டும் எரியும்படி ஃபியூஸ் பெட்டியிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். ஹெட்லைட் போட்டால் பகல்விளக்கு மங்க வேண்டும். அதற்கும் ஒரு ஒயர். சாவியைத் திருப்பியதும் இரண்டும் பளீரென்று எரிந்தன. பக்கத்துப் பிளாட்டின் எகிப்துக்காரர் மாடியிலிருந்து கை தட்டினார்.

ஹெட்லைட் பல்பு மாற்றுவதுதான் பெரும்பாடு. பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான். கண்ணால் பார்க்க வழியில்லை. தடவித் தடவித்தான் பல்பைப் பிடித்திருக்கும் கம்பியைத் தூக்கிப் புதுப் பல்பைச் செருக வேண்டும். நரம்பு தேடிப் பழகிய விரல் எப்படியோ செருகிவிட்டது. கம்பி ‘டக்’கென்று விழுந்த சத்தம் கேட்டதும் அவளே தனக்கு ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் அவளுக்குத் திருவிழாவாக இருந்தன. டியூட்டி முடிந்து பொழுது சாயும் நேரத்தில் மலையேறினால், எதிரே வருகிறவர்கள் எல்லாரும் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். முதலில் ஒரு தண்ணீர் லாரி, அப்புறம் ஒரு டாக்ஸி, அப்புறம் பள்ளிக்கூட பஸ். சிவப்பு வண்டியும் புது விளக்கும் அத்தனை அழகாக இருக்கிறது போல என்று அவள் நினைத்தாள். முதல் நாள் வெட்கமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து கூரையை மடக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் கை காட்டத் தொடங்கினாள். நாள் முழுக்க முகமூடிக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு, ஊரே தன்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. சங்கீதாவிடம் சொன்னபோது, “எனக்கெல்லாம் ஹாரன்தான் அடிக்கிறாங்க” என்று அவள் பொறாமைப்பட்டாள்.

ஒரு வாரம் இப்படிப் போயிருக்கும். ஒரு மாலை, எதிரே வந்த தண்ணீர் லாரி வழக்கம்போல விளக்கடித்தது. சுகிர்தராணி வழக்கம்போலக் கை காட்டினாள். அவள் அமராத் இறக்கத்தில் பெட்ரோல் பங்க்கில் நின்றபோது, அதே லாரி ரவுண்டானாவில் திரும்பி வந்து பின்னால் நின்றது. இறங்கி வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே நம்பர் பிளேட்டைப் பார்த்தார். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைப் பார்த்தார். காருக்குள் ஓடிய பாட்டைக் கேட்டதும் தமிழா என்று கேட்டார். தன் பெயர் சுஐபு, ஊர் அதிராம்பட்டினம் என்றார். வண்டியைப் பற்றித்தான் விசாரிக்க வந்திருக்கிறார் என்று அவள் நினைத்து, எந்த வருஷத்து மாடல் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அக்கா, ஒரு வாரமா ஒங்களுக்கு லைட் அடிக்கிறேன். ஒங்க வெளிச்சத்துல கண்ணு தெரியலன்னு அடிக்கிறேன். நீங்க சிரிச்சிக்கிட்டே டாட்டா காட்டிட்டுப் போறீங்க.”

சுகிர்தராணிக்குக் காது வரை சூடு ஏறியது. டாக்ஸி, பள்ளிக்கூட பஸ், எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சுஐபுவும் சிரித்தார்.

பங்க்கின் பின்பக்கச் சுவரை ஒட்டி அவர் தன் லாரியையும், பக்கத்தில் அவள் காரையும் நிறுத்தச் சொன்னார். லாரியின் வெளிச்சம் சுவரில் கோடு கிழித்தது போல ஓர் உயரத்தோடு நின்றது. அவளுடையது கோடே இல்லாமல், வாளித் தண்ணீரைச் சுவரில் விசிறியது போல மேலே வரைக்கும் தெறித்திருந்தது.

அவள் எஞ்சினை அணைத்து, ஒரு பல்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். எல்.இ.டி. பொட்டுகள் பல்பின் இரண்டு பக்கத்தில் மட்டும்தான் இருந்தன. அவை வலமும் இடமும் பார்க்க வேண்டியவை. அவள் தடவிச் செருகியதில் மேலும் கீழும் பார்த்திருந்தன. கழுத்து வளையத்தின் சின்னத் திருகைத் தளர்த்தி, கால் வட்டம் திருப்பி மறுபடி மாட்டினாள். சுவரில் ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தது. இன்னொன்றையும் திருப்பினாள். கோடு முழுசாக நின்றது.

“கலாஸ், முடிஞ்சிச்சு” என்றார் சுஐபு. “இனிமே நீங்க நெசமாவே டாட்டா காட்டலாம்.”

கிளம்பும் முன், லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பதாக வாய் தவறிச் சொல்லிவிட்டார். என்ன பெயர் என்று அவள் விடாமல் கேட்டாள். தயங்கித் தயங்கி, “சூரியகாந்தி” என்றார். அவளுக்கு அது பிடித்துப்போனது. மாற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் பொழுது சாய மலையேறியபோது ஒருவர்கூட விளக்கடிக்கவில்லை. கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. ஆனால் பாதை தெளிவாகத் தெரிந்தது. பாறை விளிம்பு முதல், ஓரத்தில் நின்ற ஆடு வரைக்கும்.

ஜெயசீலன் மாத லீவில் வந்தபோது, அவர் முழங்கால் உள்ளே அடங்கியது, ஆனால் தலை துணிக்கூரையில் இடித்தது. கூரையை மடக்கிவிட்டு, ரூவி தேவாலயத்து மாலைப் பூசைக்குப் போனார்கள். பூசை முடிந்ததும் சங்கீதா தன் காருக்கும் எல்.இ.டி. பல்பு வாங்கி வந்திருப்பதாகச் சொல்லி, கோயில் மதிலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து பின்னால் நிறுத்தினார்கள். சுகிர்தராணி புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள்.

“எட்டி, எல்லாரும் பிரியாணிக்குப் போறாவ” என்றார் ஜெயசீலன்.

“போட்டும். நீங்க இந்த டார்ச்ச நேரா பிடிங்க” என்றாள் அவள்.