எந்தச் சேத்துப்பட்டு

1. பஸ் ஸ்டாண்டில்

காலை எட்டே முக்கால் மணிக்கு நானும் கோமதியும் சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். பத்து மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. இடத்தைப் பார்த்து வைத்துவிட்டு நிதானமாக இரண்டு இட்லி சாப்பிடலாம் என்பது என் கணக்கு. ஆட்டோ ஸ்டாண்டில் நின்றிருந்தவரிடம் பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இந்தப் பேர்ல இங்க தெருவே கெடையாதும்மா."

"நல்லா பாருங்க. சேத்துப்பட்டுன்னு போட்டிருக்கு இல்ல?"

"அது போட்டிருக்குது, வேற ஊரு பேரும் இல்ல. தெரு இல்லியே. நான் பொறந்து வளந்ததே இந்த ஊருதான்."

கோமதி அவர் கையிலிருந்து கடிதத்தை வாங்கினாள். கடிதம் வந்து ஒரு வாரமாகியிருந்தது, அன்றைக்குத்தான் அது முதல் தடவையாக அவள் கைக்குப் போனது. வரிக்கு வரி விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"பெரிம்மா, பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் சேத்துப்பட்டுன்னு போட்டிருக்கு. இங்க ஏது ரயிலு?"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். "அட, இது மெட்ராஸ் சேத்துப்பட்டும்மா! எக்மோருக்கு அடுத்த ஸ்டேஷன். நீங்க இங்க வந்து தேடிகினு இருக்கீங்க!" அப்புறம் கோமதியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

2. கடிதம் என் பையில் இருந்த காரணம்

என் பெயர் ரூத்தம்மாள். ஆரணியில் முப்பது வருஷத்துக்கு மேல் பாவு பிணைக்கிற வேலை செய்தேன். தறியில் பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் நூலை ஒவ்வொரு இழையாக அதோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று மாறிப்போனாலும் புடவை காட்டிக்கொடுத்துவிடும். நான் பிணைத்த பாவில் குறை என்று ஒருவரும் என் வீட்டு வாசலுக்கு வந்தது கிடையாது. கண் மங்கிய பிறகு அந்த வேலையை விட்டேன். கோயிலை ஒட்டிய ஹாலில் சாயங்காலம் நடக்கிற இலவச ட்யூஷன் சென்டரில் வாலண்டியராகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

பாடம் நடத்துவது வனிதா. பகலில் கம்பெனி வேலை, சாயங்காலம் இங்கே கணக்கும் சயின்ஸும். என் வேலை வேறு. வராத பிள்ளையை வீட்டுக்குப் போய்க் கூட்டி வருவது, படிப்பை நிறுத்தப் பார்க்கிற அப்பா அம்மாவிடம் பேசுவது, பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் துணைக்குப் போவது, மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் பத்திரமாக வைப்பது. பிள்ளைகளுக்கு நான் பெரிம்மா. ஆயா என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், பஸ் போர்டு தெரியும், அவ்வளவுதான். இதை சென்டரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. காகிதம் ஏதாவது வந்தால் கொஞ்ச நேரம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன். "சரி, பாத்துட்டேன்" என்று மடித்துப் பைக்குள் வைத்துவிடுவேன். வீட்டுக்குப் போகிற வழியில் மெடிக்கல் ஷாப்பில் காட்டி விஷயத்தைக் கேட்டுக்கொள்வேன்.

கோமதி, தறிக்கார ஏழுமலையின் மூத்த பெண். பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க். சென்னையில் ஒரு ட்ரஸ்டில் வருஷத்துக்குப் பத்துப் பெண்களை எடுத்து, ஹாஸ்டலில் வைத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்க வைக்கிறார்கள் என்று வனிதாதான் விண்ணப்பம் போட வைத்தாள். ஏழுமலையைச் சம்மதிக்க வைக்க நான் நாலு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். நாலாவது தடவை அவர் முடிவாகச் சொன்னார்.

"சீட்டு கெடச்சா போவட்டும். கெடைக்கலன்னா திங்கக்கெழம புடவக் கடைக்கு வேலைக்குப் போவட்டும். மொதலாளிகிட்ட பேசி வச்சிட்டேன். அதுக்கப்புறம் வந்து பேஜார் பண்ணக்கூடாது, சொல்லிட்டேன்."

இன்டர்வியூ கடிதம் சென்டர் விலாசத்துக்கு வந்தது. நான்தான் பிரித்தேன். தேதியும் மணியும் எண்ணில் இருந்தன, புரிந்தது. இடம் என்று போட்டிருந்த வரியில் C-H-E-T-P-E-T. பஸ் போர்டில் நான் பார்த்துப் பழகிய அதே எழுத்து. சந்தோஷத்தில் மெடிக்கல் ஷாப்பைக்கூட மறந்துவிட்டேன். "நம்ம சேத்துப்பட்டுலதான் இன்டர்வியூ. மாதா கோயிலு, ஸ்கூலு எல்லாம் இருக்கிற ஊரு இல்லையா, அங்கயே ஆபீஸ் வச்சிருக்காங்க" என்று எல்லாருக்கும் சொன்னேன். ஆபீஸ் இருக்கிற விஷயம் எந்த வரியிலும் கிடையாது. நானே சேர்த்துக்கொண்டது.

வனிதா போர்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "பெரிம்மா, மெட்ராஸ்லயும் ஒரு சேத்துப்பட்டு இருக்குது. லெட்டர குடுங்க, ஒரு தடவ பாத்துடறேன்."

"என் நாத்தனார குடுத்த ஊரு அது. எனக்கே நீ சேத்துப்பட்டு காட்டறியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். வனிதா திரும்பிக்கொண்டு போர்டைத் துடைத்தாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

3. நாலு மணி நேரம்

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோமதி வனிதாவுக்குப் போன் போட்டாள். கடிதத்திலிருந்த நம்பரை வாசித்துக் காட்டினாள். ஐந்து நிமிஷத்தில் வனிதா என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"ஒரு மணிக்கு லிஸ்ட் மூடிடுவாங்களாம் பெரிம்மா. அதுக்கு மேல யாரையும் உள்ள விட மாட்டாங்களாம். வேற நாளும் கெடையாதாம். வந்தவாசி பஸ் புடிங்க. அங்கேர்ந்து தாம்பரம். தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினா நேரா சேத்துப்பட்டுலயே எறங்கலாம். ஜல்தி."

'அன்னைக்கே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வந்தவாசி போய்ச் சேரும்போது மணி பத்து. அங்கே மெட்ராஸில் பேர் கூப்பிட ஆரம்பித்திருப்பார்களோ, கோமதியின் முறை தாண்டியிருக்குமோ என்று ஏதேதோ மனதில் ஓடியது. தாம்பரம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கோமதி ஓடிப்போய் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு வயசானவங்க வராங்க, நிறுத்துங்க" என்று கத்தினாள். என்னை வயசானவங்க என்று சொல்ல நான் யாரையும் விட்டதில்லை. அன்றைக்கு ஓடிப்போய் ஏறினேன்.

மே மாத வெயில். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. மேல்மருவத்தூரில் கூட்டம் ஏறியது. செங்கல்பட்டு வரும்போது பதினொன்றரை. கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே இங்கிலீஷில் தன்னைப் பற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கோமதி, என் மேல கோவமா?"

"கோவம் இல்ல பெரிம்மா. பேசாதீங்க. பேசினா மனப்பாடம் பண்ணது எல்லாம் போயிடும்."

திங்கட்கிழமை புடவைக் கடையில் கோமதி நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் புடவையை உதறிக் காட்டுகிற மாதிரி கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. பெருங்களத்தூரில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் லாரி ஒன்று நகரவே இல்லை. பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு பத்து. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கலாமா என்று கோமதி கேட்டாள். கண்டக்டர், "நடந்தா நாளைக்குத்தாம்மா போய்ச் சேருவ" என்றார்.

ரயிலிலிருந்து சேத்துப்பட்டு ஸ்டேஷனில் இறங்கியபோது மணி ஒன்று பதினைந்து.

4. பொய் சொன்னது யார்

கேட்டில் வாட்ச்மேன் கையை விரித்தார். "லிஸ்ட் முடிஞ்சிச்சும்மா. எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாங்க. எந்த ஊரு நீங்க?"

"ஆரணி."

"பட்டுப்புடவ ஊரா?"

"புடவைய அப்புறம் பாக்கலாம். சாப்பிட உக்காந்திருக்காங்கன்னா இன்னும் வீட்டுக்குப் போவலைன்னுதானே அர்த்தம்? கதவத் தொறங்க."

சத்தம் கேட்டு ஒரு அம்மா வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் டிபன் பாக்ஸ் மூடி. கோமதியின் பெயரைக் கேட்டார், மணியைப் பார்த்தார், உள்ளே வரச் சொன்னார். மேஜைக்குப் பின்னால் ஒரு ஐயா இருந்தார். கோமதி நின்றாள். நான் கதவோரம் நின்றேன்.

"பத்து மணிக்கு வரச் சொன்னோம். ஏன் லேட்?"

கோமதி என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் அட்ரஸ தப்பா படிச்சிட்டேன் மேடம். எங்க ஊர் பக்கத்துல இருக்கிற சேத்துப்பட்டுன்னு நெனச்சுட்டேன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த அம்மா பேனாவை எடுத்தார். "பத்தாவது முடிச்ச பொண்ணு. ஒரு பக்க லெட்டர் முழுசா படிக்கல. இங்க எல்லாப் பாடமும் இங்கிலீஷ்லதான். நீ எப்படிம்மா சமாளிப்ப?" கோமதியின் பெயருக்கு நேராக ஏதோ எழுத ஆரம்பித்தார்.

எழுதிக்கொண்டிருந்த பேனாவைப் பார்த்தேன். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. மேஜைக்கு முன்னால் போனேன்.

"எழுதாதீங்கம்மா. அவ படிக்கல. அவ கையில நான் லெட்டரையே குடுக்கல. படிச்சது நான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

"நீங்க யாரு? அம்மாவா?"

"இல்லீங்க. ட்யூஷன் சென்டர்ல வாலண்டியர்." அந்த வார்த்தையை அதற்கு முன்னால் எத்தனையோ ஆபீஸில் தலை நிமிர்ந்து சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயிலிருந்து வரவே கஷ்டப்பட்டது. "மூணாங்கிளாஸ்தான் படிச்சேன். வெளிய சொல்ல மாட்டேன். லெட்டர டீச்சர் கேட்டாங்க, தரல."

அந்த அம்மா கோமதியைப் பார்த்தார். "அப்ப நீ ஏன் பொய் சொன்ன?"

கோமதி அழுதுவிட்டாள். "அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு எங்க சென்டர்ல எல்லாருக்கும் தெரியும் மேடம். ஒருத்தரும் சொல்லிக்க மாட்டோம். ஒரு தடவ என் ரிப்போர்ட் கார்டுல ரேங்க் ரெண்டுன்னு இருந்தத மார்க்குன்னு நெனச்சுகினு, மார்க் பத்தலன்னு என்னத் திட்டினாங்க."

மேஜைக்குப் பின்னால் இருந்த ஐயா சிரிப்பை அடக்க இருமினார். ஆறு வருஷமாக நான் மறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததை, அந்தப் பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா எங்கள் கடிதத்தையே கோமதியிடம் நீட்டினார். "படி. ஒவ்வொரு வரிக்கும் தமிழ்ல அர்த்தம் சொல்லு." கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கியது, மீதியெல்லாம் சரியாகச் சொன்னாள். அப்புறம் கணக்கில் கேட்டார்கள். அதில் அவள் தடுமாறவே இல்லை.

"பத்து சீட்டும் ஒரு மணிக்கே முடிவாயிடுச்சு," என்றார் அந்த அம்மா. "வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேரா போடறேன். யாராவது வரலன்னா கூப்பிடுவோம். என்னால முடிஞ்சது இதுதான்."

5. ஏழுமலை வீட்டில்

ஊர் திரும்பியதும் நேராக ஏழுமலை வீட்டுக்குப் போனேன். தறியில் இருந்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

அவர் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. "படிக்கத் தெரியாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் ஒரு ஆள கேட்டுப் படிச்சி பாத்திருக்க மாட்டனா? உங்கள நம்பித்தானம்மா வுட்டேன்."

"தப்பு என்னுது ஏழுமலை. அதுக்குப் பொண்ண கடைக்கு அனுப்பாத. அந்த லிஸ்ட் நகர்ற வரைக்கும் பொறுத்துக்கோ" என்று மட்டும் கேட்டேன்.

ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்துத் திருப்பினார். "பத்து நாளு," என்றார்.

ஒன்பதாவது நாள் போன் வந்தது. ஒரு பெண் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். கோமதி இப்போது அந்த ஹாஸ்டலில் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

போன் வந்த அன்றைக்கு வனிதாவிடம் கேட்டேன். "அன்னைக்கு லெட்டர கேட்டியே, நான் குடுக்கலன்னதும் ஏன் விட்டுட்ட? இன்னொரு தடவ கேட்டிருக்கலாம் இல்ல?"

அவள் சாக்பீஸ் டப்பாவை மூடினாள். "பயமா இருந்திச்சு பெரிம்மா," என்றாள்.

சென்டர்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவது அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். நமக்குத் தெரியாதது நிறைய இருக்கும். அதனால் பிள்ளைக்கு வரும் நஷ்டத்தை இன்னொருவர் சரி செய்துவிடலாம். நம்மைத் திருத்த அடுத்தவர் பயப்படுகிற மாதிரி நாம் நடந்துகொண்டால், அதைச் சரி செய்ய ஆள் கிடையாது. நான் இப்போது எந்தக் கடிதத்தையும் பையில் வைப்பதில்லை. அது யார் பெயருக்கு வந்ததோ அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்தி, "எனக்குப் புரியல, இன்னொரு தடவ சொல்லு" என்கிறேன். முதல் தடவை அதைச் சொல்ல எனக்கு அறுபத்தெட்டு வயசு ஆயிற்று.