பயந்துகொண்டே இருந்த செல்லத்தாய் அக்கா

விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் விசாவுக்குப் படம் எடுக்க உட்கார்ந்திருந்தபோது அந்த ஃபோன் வந்தது. காது தெரியும்படி முடியை ஒதுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் ஸ்டுடியோக்காரர். பேசியது செல்லத்தாய் அக்காவின் தம்பி. "அக்கா போயிட்டா தாயி. காலையில காப்பி கேட்டா. கொண்டு வாறதுக்குள்ள போயிட்டா" என்றார். படம் எடுக்காமலே எழுந்து தாயில்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

அந்த விசாவே அக்கா விட்டு வந்த வேலைக்குப் போவதற்காகத்தான். கடல் தாண்டி ஒரு மலையூரில் இருபத்திரண்டு பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மிஷன் விடுதி அது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று மிஷனில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக.

அடக்க ஆராதனையில் பேசிய எல்லாரும் அக்காவைத் தைரியசாலி என்றார்கள். சிங்கம் என்றுகூட ஒருவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று வருடம் அவரோடு ஒரே அறையில் இருந்தவள் நான். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சபையில் உங்களில் பலருக்கு இது பிடிக்காது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நாம் வேறு யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்ததாக ஆகிவிடும்.

அக்கா அங்கே போனது தையல் சொல்லிக்கொடுக்க. நான் கணக்கு டீச்சர். விடுதியை நடத்தியவர் கேரளத்திலிருந்து வந்த ஒரு போதகர். நாங்கள் போய் நான்காம் மாதம் அவருக்கு மாரடைப்பு வந்து, மூன்றே நாளில் அவரையும் மனைவியையும் ஊருக்கு அனுப்பும்படி ஆகிவிட்டது. வேறு ஆள் வரும்வரை செல்லத்தாய்தான் பொறுப்பு என்று மிஷனிலிருந்து ஃபோன். அந்த வேறு ஆள் கடைசிவரை வரவேயில்லை. அக்கா சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார். "நீ படிச்சவ. நீயே வச்சுக்கோ பிள்ள."

"உங்க பேரத்தான் சொன்னாக அக்கா."

"எனக்கு மிஷின் மிதிக்கத்தான தெரியும்! இருபத்திரண்டு உசுர எங்கிட்டத் தூக்கிக் குடுத்தா நான் என்ன செய்வேன்?"

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது. சாவி என் கையில் இல்லையே என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம் அந்த ஊரில் கலவரம் மூண்டது. ஒரு நாள் மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அப்பால் படபடவென்று சத்தம். அக்கா தாயில்பட்டிப் பட்டாசு கம்பெனியில் பதினைந்து வருடம் வெடிமருந்து செலுத்தியவர். நான் ஆமத்தூரில், தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்லும் தொழிற்சாலைகளைப் பார்த்து வளர்ந்தவள். சத்தம் கேட்டால் எங்கள் இருவருக்கும் தெரிந்தது ஒன்றுதான். போட்டது போட்டபடி கிடக்க, அறையை விட்டு வெளியே ஓட வேண்டும். பக்கத்து அறை வெடித்தபோது அப்படி ஓடித்தான் அக்கா ஒருமுறை பிழைத்திருந்தார். "வெளிய! எல்லாரும் வெளிய!" என்று தமிழிலேயே கத்தி, பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளினார். நானும் சேர்ந்து தள்ளினேன். எல்லாரிலும் சின்னவள் மேசைக்காலைக் கட்டிக்கொண்டு வர மறுத்தாள். அக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இழுத்து வந்தார்.

வெட்டவெளி மைதானத்தில் நின்ற பிறகுதான் தெரிந்தது, அது துப்பாக்கி. சமையல்கார அம்மாள் வாசற்படியில் குப்புறக் கிடந்தபடி எங்களைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் தண்ணீர்த் தொட்டியில் ஒரு குண்டு பாய்ந்து, தண்ணீர் எங்கள்மேல் கொட்டியது. பிள்ளைகள் தாமாகவே தரையில் படுத்து ஊர்ந்து உள்ளே போனார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து நாங்கள் ஊர்ந்தோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அக்கா அன்று சாயங்காலம் வரை பிள்ளைகளை எண்ணி எண்ணிப் பார்த்தார். "நானே கொன்னுருப்பேன், நானே கொன்னுருப்பேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் செய்தது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து, அவர்கள் முன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். விரலைப் பிரித்த கதையையும் மறைக்கவில்லை. "எங்க ஊர்ல வெளிய ஓடுனாத்தான் பொழைக்கலாம். இங்கன எப்படின்னு எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். இப்படிச் சொன்னால் பிள்ளைகள் மதிப்பார்களா என்று எனக்குக் கவலை. அவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அக்காவைத் தரையில் படுக்கவைத்துப் பாடம் எடுத்தார்கள். ஜன்னலுக்கு நேரே கிடக்கக் கூடாது, சுவரோரம் ஒண்ட வேண்டும். அந்தச் சின்னவள் அக்காவின் தலையை அழுத்தி அழுத்தித் தாழ்த்தினாள். தினமும் சாப்பாட்டுக்கு முன் இந்தப் பயிற்சி நடந்தது.

மறுபடி சுட்டபோது எல்லாரும் வகுப்பறைத் தரையில் கிடந்தோம். சத்தம் நெருங்க நெருங்க என் கால் தன்னால் எழுந்தது. வெளியே, வெளியே என்றே உடம்பு சொன்னது. அக்கா என் சடையைப் பிடித்துச் சுண்டி இழுத்தார். "எந்திரிச்ச, கொன்னேபோடுவேன்." அவர் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அவருக்கும் ஓட வேண்டும் போலத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார். ஒரு கையில் என் சடை, மறு கையில் அந்தச் சின்னவளின் சட்டை. சத்தம் அடங்கி வெகுநேரம் ஆகியும் இரண்டையும் விடவில்லை.

உடம்புக்கு முடியாமல் அவர் போன வருடம் ஊர் திரும்பினார்; விசா முடிந்து நானும் பின்னாலேயே வந்தேன். சாவதற்கு இரண்டு வாரம் முன்பு சிவகாசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். விடுதியை என் பொறுப்பில் விடப்போகிறார்கள் என்று சொல்லி அழுதேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஆறுதல் சொல்வார் என நினைத்தேன்.

"பயமா இருக்கா?" என்றார்.

"ரொம்ப அக்கா."

"எம்புட்டு?"

"ஃபோன் அடிச்சாலே நெஞ்சு பதறுது. அந்தப் பிள்ளைகளுக்கு எதும் ஆயிருச்சுன்னா…"

"அப்ப நீ போ." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பயம் விட்டுப்போனவள பட்டாசு கம்பெனியில மருந்து ரூமுக்குள்ள விடமாட்டாக பிள்ள. கூட இருக்க நாலு பேரையும் சேத்துல்ல கொண்டு போயிருவா."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பயத்தை மட்டும்தான். பத்து நாளில் கிளம்புகிறேன். எனக்காக ஜெபிப்பதாக நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள். ஜெபியுங்கள். என் பயத்தை எடுத்துவிடும்படி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.