அம்பலவாணனின் தண்ணீர்த் தாங்கி

லண்டன் செவன் கிங்ஸில் ஒரு கார் நிறுத்தவே இடம் போதாத வாசலில், முன் ஜன்னலை முழுதாக மறைத்துக்கொண்டு சமைத்துப் படுத்துப் பயணம் போகிற ஒரு கரவன் வண்டியை நிறுத்தி வைத்தவர் அம்பலவாணன். நிலக்கீழ் ரயில் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷன். வேலை ஓய்ந்ததே தவிர, அறிவிப்புச் செய்கிற வாய் ஓயவில்லை.

"கரவன் முகாமில காசு கட்டி நிக்கிறவனெல்லாம் பயணியே? மலையடியில சும்மா நிக்கோணும். ஒருத்தரிட்டையும் கை நீட்டக் கூடாது," என்று வருவோர் போவோருக்கெல்லாம் பிரசங்கம்.

மனைவி வசந்தமலர் கேட்டது ஒன்றுதான்.

"தண்ணிக்கு என்ன வழி?"

"தாங்கி இருக்கு. நான் இருக்கிறன்."

"தண்ணி இல்லாமப் போச்சுதெண்டா நான் ஸ்டேசனுக்குப் போய்க் கோச்சி ஏறி வீட்ட வந்திடுவன். பிறகு இந்தக் கரவனையும் வித்துப்போடோணும். ஓமோ?"

"ஓம்," என்றார் அம்பலவாணன். அந்தக் கரவன்மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். அதை விற்பதைக் கனவில்கூட நினைத்துப் பார்க்க அவரால் ஏலாது.

ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய் வாகனப் பூசை செய்தார்கள். சில்லுக்கடியில் தேசிக்காய் நசிந்தது. ஐயர் சந்தனமும் திருநீறும் கலந்த பாலபிஷேகத் தீர்த்தம் ஒரு போத்தல் கொடுத்தார். நாலு துளி தெளித்துவிட்டு வைப்பதுதான் வழக்கம். நம்மாள் போத்தலை அப்படியே தாங்கிக்குள் கவிழ்த்தார்.

"புதுக் கிணத்துக்குத் தீர்த்தம் விடுறேல்லையே? இனிப் பயணம் முழுக்கத் தீர்த்தம்தான்!"

கிணறு ஊறும், தாங்கி ஊறாது என்ற சின்ன வித்தியாசம் அவருக்கு உறைக்கவில்லை.

வேல்ஸில் ஒரு மலையோரம் கரவனை நிறுத்தியதும் அறிவிப்புகள் தொடங்கின. அரிசியை ஒருக்கால்தான் கழுவலாம். கோப்பையைக் கடதாசியால் துடைத்தால் போதும். கழிப்பறைக்குப் போகிறவருக்கு அரைப் போத்தல்.

"கழுவுற தண்ணிக்கும் ரேஷனே? ஊரில சண்டைக் காலத்திலகூட நான் இப்பிடிக் கேள்விப்படேல்லை!" என்றார் வசந்தமலர். அம்பலவாணன் அசையவில்லை, குழாயடியில் காவல் நின்றார்.

நல்ல வெயில் காலம். மறுநாள் காலை தேத்தண்ணி வைக்கக் குழாயைத் திறந்தார் வசந்தமலர். சந்தனமும் திருநீறும் அடைத்துப் பம்ப் முனகியது. சொட்டிய கொஞ்சத் தண்ணீரிலும் புளித்த பால் நாற்றம்.

"சீ! இதைத் திறந்து ஊத்திவிடுங்கோ."

"உமக்கென்ன விசரே? தீர்த்தத்தை நிலத்தில ஊத்துறதோ? கால் படும், பாவம்!"

"அப்ப குடியுங்கோ."

குடித்தார்! அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது? கண்ணில் ஒற்றி, 'முருகா' என்று ஒரு கோப்பை முழுவதையும் விழுங்கினார்.

மத்தியானத்துக்குள் வயிறு கலக்கி, கழிப்பறைக்குள் ஓடியவர் வெளியே வரவில்லை.

"வசந்தா, தண்ணி!"

"உங்கட அரைப் போத்தல் முடிஞ்சுது."

"பகிடி விடாதையும், ஏலாமக் கிடக்கு!"

வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போச்சுது, கோச்சி ஏறப் போய்விட்டாள். வயிற்று வலியைவிட, கரவன் கைவிட்டுப் போகிறதே என்ற வலிதான் அவரை முறுக்கியது.

வசந்தமலர் போனதோ பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு. கதவைத் தட்டி, அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம் தண்ணீர் கேட்டார். அந்தப் பெண்மணி தோட்டத்துக் குழாயைக் காட்டி, உட்காரவைத்துத் தேநீரும் கேக்கும் கொடுத்தாள். திரும்பி வந்த வசந்தமலர் ஒரு வாளித் தண்ணீரைக் கழிப்பறைக் கதவிடுக்கால் நீட்டினார். பிறகு தாங்கியைத் திறந்து, பழுதான தீர்த்தத்தை ஒரு மரத்தடியில் ஊற்றினார். கோயிலிலும் மிச்சத் தீர்த்தம் மரத்தடிக்குத்தான் போகிறது. இதைக் கண்டுபிடிக்க மேற்பார்வையாளர் தேவையில்லை.

வாடிய கீரைத்தண்டாக வெளியே வந்தார் அம்பலவாணன்.

"சரி, தோத்துப்போனன். லண்டன் போனவுடன வித்துப்போடுவம்." சொல்லிக்கொண்டே கரவனின் சுவரைத் தடவினார்.

"ஆர் விக்கிறது?" வசந்தமலர் ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு சந்தோசம். "நல்ல காத்து, நல்ல சனம். அடுத்த மாசம் நானும் தங்கச்சி பவளக்கொடியும் வாறம் எண்டு அந்த மனிசிக்குச் சொல்லிப்போட்டன். நான்தான் ஓட்டுவன்."

"அப்ப நான்?"

"நீங்கள் வீட்டில நில்லுங்கோ. அங்க தண்ணி முடியாது."