பொட்டு வைக்காத மிஷின்

1957-ஆம் வருஷத்து ஆயுத பூஜையன்று, உத்திரமேரூர் கடைத்தெருவில் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கும் வேதாசலத்தின் கடையில் ஒரே ஒரு கைமிஷின்தான் பொட்டில்லாமல் கிடந்தது.

வேதாசலத்துக்கு அப்போது நாற்பது வயது. கடையில் ரசீது கிசீது எதுவும் கிடையாது. ரிப்பேருக்கு வந்து கேட்பாரற்றுக் கிடக்கும் மிஷின்களுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். பூஜைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் வந்து மிஷினைத் தூக்கிப் போவார்கள். முடியாதவர்கள் கடைக்கே வந்து ஒரு பொட்டாவது வைத்துவிட்டுப் போவார்கள். சோறு போடும் பொருளை அந்த ஒரு நாளில் மறப்பவர் உண்டா? மறந்தால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். அப்புறம் அதை விற்கலாம். ஊரும் இதை ஒப்புக்கொண்டிருந்தது.

அந்தக் கைமிஷின் பாக்கியமேரியுடையது. சக்கரம் இறுகிவிட்டது என்று பங்குனியில் கொண்டுவந்து வைத்தவள் திரும்பவில்லை. அவள் அண்ணன் வீட்டில் விசாரித்தால், "எங்கியோ பூட்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தை மாதம் எல்லப்பன் என்கிற விவசாயி தன் மகள் கனகாவின் கல்யாணச் சீருக்கு மிஷின் தேடி வந்தார். வேதாசலம் விற்றுவிட்டார். மிஷின் கனகாவோடு வாலாஜாபாத்துக்குப் போயிற்று.

ஆடி மாதம் பாக்கியமேரி கடை வாசலில் வந்து நின்றாள். பாதி உடம்பாக இருந்தாள்.

"மேஸ்திரிண்ணா, என் மிஷினு ரெடியாகீதா?"

வேதாசலம் எழுந்து வந்தார். "பூஜைக்குக்கூட வர்லியே மேரி. நீ வேணாம்னு வுட்டுட்டேன்னு நெனச்சி வித்துட்டேன்."

"நான் எந்தக் காலத்துல பூஜ போட்டேன்? நாங்க வேதக்காரங்கண்ணா!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவரிடம் வரும் மிஷின்காரர்களில் மாதாகோயிலுக்குப் போகிற வேதக்காரி அவள் ஒருத்திதான். தன் சட்டம் அவளைக் கட்டாது என்பது, அத்தனை மாதம் அந்த மிஷினைத் துடைத்துத் துடைத்து வைத்தவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் கதவோரம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "தாம்பரத்துல டி.பி. ஆஸ்பத்திரியில கெடந்தேண்ணா. நல்லாயிடுச்சின்னு டாக்டரே அனுப்சிட்டாரு. ஆனா அண்ணன் வூட்ல வாசப்படி ஏறவுடல. மிஷின் இருந்தா எங்கனா ஒரு மூலையில குந்திப் பொயச்சிக்குவேன். இத யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா ஒருத்தியும் எங்கிட்ட துணி குடுக்க மாட்டா."

"நாளைக்கி வா. மிஷின் இருக்கும்" என்றார் வேதாசலம். எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

கடையைச் சாத்திக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினார். கனகாவின் மாமியார் சிட்டம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாய்யா மேஸ்திரி, வித்த பொருளத் திருப்பிக் கேக்க பஸ் ஏறி வந்துகீறியே! உத்திரமேரூர்ல வெயிலு ஜாஸ்தியோ?"

"ரெண்டு மாசத்துல இதவிட நல்லதா புதுசு ஒண்ணு வாங்கித் தந்துடறேம்மா. இத மட்டும் குடுத்துடு."

"சீர்ல வந்த பொருளு வாசத் தாண்டுனா வூடு வெளங்குமா? மருமவ முழுவாம வேற கீறா."

உள்ளே கனகா மிஷின் முன்னால் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். சக்கரம் அவர் எண்ணெய் போட்டபடியே சத்தமில்லாமல் சுற்றியது. வேதாசலம் தன் சைக்கிளைத் தருவதாகச் சொன்னார். ஆயுசுக்கும் அந்த வீட்டு ரிப்பேரை இனாமாகப் பார்ப்பதாகச் சொன்னார். கடைசியில் தெருவிலேயே சிட்டம்மாள் காலில் விழுந்தார்.

"எய்ந்திரிய்யா! பெரிய மனுசன் இப்டியா பேஜார் பண்ணுவ?" அவள் கதவைச் சாத்தப் போனாள்.

ஒரு வார்த்தை சொன்னால் மிஷின் வெளியே வந்துவிடும். அதை மட்டும் சொல்லக் கூடாது என்று பஸ்ஸில் வழி நெடுக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். கதவு பாதி மூடிவிட்டது.

"அது டி.பி.காரி மிஷினும்மா."

கனகா துணியை உதறிவிட்டு எழுந்தாள். சிட்டம்மாள் விளக்குமாற்றுக் கட்டையால் மிஷினைத் தள்ளித் தள்ளித் தெருவுக்குக் கொண்டுவந்தாள். அது இருந்த இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்தாள். "பாவி, வயித்துப் புள்ளக்காரி வூட்ல கொணாந்து வச்சியே! யார்ரா அவ, பேரச் சொல்லு!" என்ற அவள் கூச்சலுக்குத் தெருவே கூடிவிட்டது.

வேதாசலம் பேரைச் சொல்லவில்லை. பேச்சு அன்றே பஸ் ஏறி உத்திரமேரூருக்கு வந்துவிட்டதால் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கைமிஷின் வைத்திருந்து, ஒரு வருஷத்துக்கு மேல் ஊரில் இல்லாதவள் உத்திரமேரூரில் ஒருத்திதான். திரும்பும் பஸ்ஸில் மிஷினை மடியில் வைத்திருந்த அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் பாக்கியமேரி மிஷினைக் கண்டதும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். "எப்டிண்ணா குடுத்தாங்க?"

வேதாசலம் எண்ணெய் டப்பாவைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். அவள் கை சக்கரத்திலேயே நின்றது.

"சொல்லிட்டியாண்ணா?"

"இன்னா பண்றது மேரி. கதவச் சாத்திட்டாங்க."

அவள் மரமூடியைப் போட்டு மிஷினை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

ஆவணி முழுக்க உத்திரமேரூரில் ஒருத்தியும் அவளிடம் துணி கொடுக்கவில்லை. புரட்டாசி பிறந்ததும் பாக்கியமேரி மிஷினோடு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிப் போனாள்.