பின்சக்கரத்தில் புது டயர்

என் சகலையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை, வயிறு எரிகிறது.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எனக்கும் டயர் கடை, அவனுக்கும் டயர் கடை. என் கடையில் ஏசி உண்டு, சோபா உண்டு, காத்திருப்பவர்களுக்குக் காபி உண்டு. அவனுடையது தகரக் கொட்டகை. உட்கார ஒரு பழைய டயர். கூட்டம் எங்கே? அங்கே!

அவன் செய்யும் வித்தை இவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுப்பான். அதில் பிளேடால் கீறிய ஒரு கோடு இருக்கும். டயரின் பள்ளத்தில் குச்சியை நிறுத்துவான். கோடு உள்ளே மறைந்தால், "இந்த மழைக்கு இதுவே தாங்கும் சார், வீணா செலவு பண்ணாதீங்க" என்று அனுப்பிவிடுவான். கோடு வெளியே தெரிந்தால், "தண்ணி போக வழியில்லீங்க, வண்டி ரோட்டுல ஓடாது, மிதக்கும்" என்பான். பிழைக்கத் தெரியாதவன் என்று சிரித்தேன். அவன் திருப்பி அனுப்பியவர்களெல்லாம் மாமன் மச்சானைக் கூட்டிக்கொண்டு அவனிடமே போனார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகளுக்கு ஊருக்கு வெளியே வேலை கிடைத்தது. ஏரிக்கரை வளைவைத் தாண்டிப் போகவேண்டும், மழைக்காலம் வேறு நெருங்குகிறது. அவளுடைய பழைய காரில் இரண்டு டயர் மொட்டை, மற்ற இரண்டு பாதி தேய்ந்தவை. மொட்டையைக் கழற்றிவிட்டு, ஆழமான பள்ளமுள்ள இரண்டு புது டயரை என் கையாலேயே முன்னால் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த சகலை, வீட்டுக்குள் நுழையும் முன் காரருகே குந்திவிட்டான். எடுத்தான் தீக்குச்சியை!

"அண்ணே, புதுச பின்னாடி மாத்திடுங்க. ஈரத்துல முன்னாடி பிடிச்சு பின்னாடி வழுக்குச்சுன்னா, வண்டி சுத்திடும்."

"ஸ்டியரிங் முன்னாடி, பிரேக் பிடிக்கிறதும் முன்னாடிதான் ஜாஸ்தி. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"அதுக்கில்லண்ணே..."

"சித்தப்பா சொன்னா சரியாதான்பா இருக்கும்" என்றாள் மகள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சொன்னது சரி. டயர் கம்பெனி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து நான் கேட்டதுதான். பழக்கதோஷத்தில் முன்னால் மாட்டிவிட்டேன். தனியாகச் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன். பெற்ற மகள் முன்னாலா சொல்வது?

"அந்தச் சக்கரத்துல யாராவது கை வச்சீங்க, நடக்கிறதே வேற!" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை, அவள் கிளம்பிய பத்தாவது நிமிஷம் மழை கொட்டியது. போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. என் வறட்டு வீறாப்புக்கு என் பிள்ளையா பலி? ஜாக்கியையும் ஸ்பேனரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு அவள் ஆபீசுக்கு வண்டியை விரட்டினேன்.

கார் முழுசாக நின்றிருந்தது. நனைந்துகொண்டே பின்சக்கரத்தருகே குந்தினேன். புது டயர்!

குடையோடு ஓடிவந்த மகள் திருதிருவென்று விழித்தாள். "திங்கக்கிழமையே சித்தப்பா கடைக்குப் போயிட்டேன்பா. 'அப்பா எப்படியும் ரெண்டு நாள்ல அவரே மாத்திடுவார், அதுக்குள்ள மழை வந்துடக்கூடாது பாரு'ன்னு அப்பவே மாத்திக் கொடுத்தார். இன்னைக்கு வளைவுல எனக்கு முன்னாடி போன கார் அப்படியே சுத்திடுச்சு. நான் பிரேக் அடிச்சேன், நேரா நின்னுச்சுப்பா."

கண் கலங்கியது, பொய் சொல்லமாட்டேன். அவள் மேலே போனதும் வயிறு மறுபடி எரிய ஆரம்பித்தது. இதிலும் அவன்தானா! ஸ்பேனரை எடுத்து, அவன் முடுக்கிய நட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். ஒன்றாவது தளர்ந்திருக்காதா, அவன் மூஞ்சியில் கரியைப் பூசலாமே!

மூன்றாவது நட்டில்தான் உறைத்தது, சாயங்காலம் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வரப்போவது என் மகள்.

மீதியையும் பார்த்தேன், தளர்ந்திருக்கக்கூடாதே என்று. எதுவும் அசையவில்லை. பாவி, அவ்வளவு நன்றாக முடுக்கியிருந்தான்.